ஸ்பெயின் கண்ணில் சுண்ணாம்பு, பிரிட்டன் கண்ணில் வெண்ணெய்: ஈராக் படை விலகலும் ஊடகங்களும்

கூடல்வாசி:

ஈராக் போர் பற்றிய பழைய செய்திகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. அதை இங்கே கொட்டிவிடுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

2004 ஏப்ரல் 17 அன்று ஸ்பெயினின் பிரதமராகப் பொறுப்பேற்றார் சபாதேரோ. மறுநாளே ஈராக்கில் இருந்த ஸ்பானியப் படையைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். சுமார் 1,300 பேர். மார்ச் 11-இல் மாட்ரிட் ரயில்களில் வெடித்த குண்டுகளுக்கு 190-க்கும் மேற்பட்டோர் பலியாகி ஒரு மாதம்தான் கடந்திருந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் வலதுசாரி நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் பாய்ந்தன. ஸ்பெயின் குண்டுக்குப் பயந்து ஓடுகிறதாம். 1938-இல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த ஐரோப்பா திரும்பி வந்துவிட்டதாம்.

இப்போது 2007 பிப்ரவரி 21-க்கு வாருங்கள். டோனி பிளேர் நாடாளுமன்றத்தில் எழுந்து, 7,100 பேராக இருக்கும் பிரிட்டிஷ் படையை 5,500 ஆகக் குறைக்கப்போவதாகச் சொன்னார். அதே நாளில் டென்மார்க்கும் தன் படையை ஆகஸ்டுக்குள் அழைத்துக்கொள்வதாக அறிவித்தது. அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி என்ன சொன்னார் தெரியுமா? ஈராக்கின் சில பகுதிகளில் நிலைமை நன்றாக இருக்கிறது என்பதற்கு இது சான்றாம்! அதே வாரங்களில் அமெரிக்கா 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களைக் கூடுதலாக அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த முரணைச் சுட்டி எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் பிளேரைக் கோழை என்று எழுதியவர் எவரும் என் கண்ணில் படவில்லை.

அவர் குறைத்தது 1,600 பேர். ஸ்பெயின் அனுப்பியிருந்த மொத்தப் படையையும்விட அதிகம்.

இன்னொன்று. சபாதேரோவின் வாக்குறுதி குண்டு வெடித்த பிறகு பிறந்ததில்லை. ஜூன் 30-க்குள் ஐ.நா. பொறுப்பேற்காவிட்டால் படையைத் திரும்ப அழைப்பேன் என்று அவர் முன்பிருந்தே சொல்லிவந்தார். போர் தொடங்கும் முன் எடுத்த கருத்துக்கணிப்புகளில் ஸ்பானியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எதிர்த்தார்கள். அந்த மக்கள் வாக்களித்து, அந்த வாக்குறுதி நிறைவேறினால் அதற்குப் பெயர் சரணாகதியா?

படைவீடு:

கூடல்வாசி ஐயா, உங்கள் 1,600 – 1,300 கணக்கு மேடையில் கைதட்டல் வாங்கும். களத்தில் செல்லாது. நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்; அந்தப் பழக்கத்தில் பேசுகிறேன்.

ஒரு படை எத்தனை பேரைக் குறைத்தது என்பதைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தைக் காலி செய்தது, அந்த இடத்தை யாரிடம் ஒப்படைத்தது என்பதுதான் முக்கியம். ஸ்பானியர்கள் நஜஃப், திவானியா பகுதிகளில் இருந்தார்கள். 2004 ஏப்ரல் 4 அன்று ஈராக்கிய ஷியா மதகுரு முக்ததா அல் சதரின் ஆயுதக் குழுவான மஹ்தி படை நஜஃபில் இருந்த அவர்களுடைய முகாமைத் தாக்கியது. அந்தச் சண்டையில் எல் சால்வடோர் வீரர் ஒருவர் இறந்தார். தெற்கே இந்த எழுச்சி, மேற்கே ஃபலூஜா முற்றுகை, இரண்டும் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில், எழுச்சி தொடங்கி இரண்டே வாரத்தில், நான் போகிறேன் என்று அறிவித்தால் பக்கத்தில் நிற்பவன் கதி என்ன? ஸ்பானியத் தலைமையின் கீழ் இருந்த ஹோண்டுராஸ் (சுமார் 370 பேர்), டொமினிக்கன் குடியரசு (சுமார் 300 பேர்) இரண்டும் அடுத்த சில நாட்களில் மூட்டை கட்டின. பாக்தாத்தில் பணி முடித்து ஊர் திரும்பவிருந்த அமெரிக்கக் கவசப் பிரிவு ஒன்றை நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று.

பிரிட்டன் செய்தது படிப்படியான குறைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கணக்கப்பிள்ளை:

படைவீடு ஐயா, தேதியைச் சரிபார்த்துவிடலாம். அமெரிக்கா சுமார் 20,000 வீரர்களின் பணிக்காலத்தை (நீங்கள் சொன்ன கவசப் பிரிவும் இதில் அடக்கம்) மூன்று மாதம் நீட்டித்ததை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அறிவித்தது ஏப்ரல் 15. சபாதேரோ அறிவித்தது ஏப்ரல் 18. காரணம் எழுச்சி, ஸ்பெயின் அதற்குப் பிறகு வந்த செய்தி. பின்னாளில் எழுதிய பலர் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

நான் இழைக்கு வந்தது வேறு கணக்குக்காக. 2003 மார்ச்சில் வெள்ளை மாளிகை தன் பக்கம் நிற்கும் நாடுகள் என்று 49 பெயர்களை வெளியிட்டது. அதில் பலாவு உண்டு, மைக்ரோனேசியா உண்டு, மார்ஷல் தீவுகள் உண்டு, ஐஸ்லாந்து உண்டு, கோஸ்டா ரிக்கா உண்டு. இந்த ஐந்துக்கும் சொந்தமாக ராணுவமே கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் மொய் வைக்காத சித்தப்பா பெரியப்பா பெயரையெல்லாம் அச்சடிப்பது போலத்தான். கோஸ்டா ரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2004 செப்டம்பரில் தலையிட்டு, எங்கள் பெயரை எடுங்கள் என்று கேட்க வைத்தது.

நுழைவில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கொடி, செய்தித் திரையில் ஓர் உலக வரைபடம். போனபோது? நிகராகுவா 115 பேரை அனுப்பியது. 2004 பிப்ரவரியில் பணமில்லை என்று திரும்ப அழைத்துக்கொண்டது. ஸ்பெயினுக்கும் முன்பே. யாராவது நிகராகுவாவைக் கோழை என்றார்களா? பெயரையே குறிப்பிடவில்லை.

2003 இறுதியில் அமெரிக்கா தவிர்த்த நாடுகளின் படை ஏறத்தாழ 24,000. 2007 நடுவில் 13,000-க்கும் குறைவு. ஹங்கேரி 2004 இறுதியில், நெதர்லாந்து 2005 மார்ச்சில், உக்ரைன் 2005 டிசம்பரில், இத்தாலி 2006 டிசம்பரில் போயின. ஒவ்வொன்றும் தனித்தனிச் சின்னச் செய்தி. கூட்டணியில் பாதி கரைந்துவிட்டது என்ற பெரிய செய்தியாக அது அதிகம் வரவில்லை.

நிழற்குடை:

நண்பர்களே, ஊடகச் சார்பு என்றாலே அமெரிக்க, பிரிட்டிஷ் ஊடகம் மட்டும்தானா? மாட்ரிட் குண்டுவெடிப்பையே எடுங்கள்.

அன்று ஆட்சியில் இருந்தவர் அஸ்னார், புஷ்ஷின் நெருங்கிய கூட்டாளி. தேர்தலுக்கு மூன்றே நாள். குண்டு வைத்தது பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டா என்று அவருடைய அரசு அடித்துச் சொன்னது. பெரிய நாளிதழ்களின் ஆசிரியர்களை அஸ்னாரே தொலைபேசியில் அழைத்தார். எல் பாயிஸ் ஏற்கெனவே தயாராக இருந்த சிறப்புப் பதிப்பின் தலைப்பை மாற்றி எட்டாவின் பெயரைப் போட்டது. அந்த அரசுக்கு ஆதரவான நாளிதழ்கூட அல்ல அது! அன்றே ஐ.நா. பாதுகாப்புச் சபை எட்டாவின் பெயரைச் சொல்லிக் கண்டனத் தீர்மானம் 1530-ஐ நிறைவேற்றியது. மார்ச் 13 இரவு, மக்கள் ஆளும் கட்சி அலுவலகங்கள் முன்பு கூடி உண்மையைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது, அரசுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை மாற்றி எட்டா செய்த கொலை ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது.

மறுநாள் தேர்தல். வாக்குப்பதிவு 2000-ஆம் ஆண்டைவிட ஏழு விழுக்காடு கூடியது. சோசலிஸ்ட் கட்சிக்கு 164 இடங்கள், ஆளும் கட்சிக்கு 148. ஸ்பானியர்கள் அல் காய்தாவுக்குப் பணிந்தார்கள் என்று நியூயார்க்கிலும் லண்டனிலும் உட்கார்ந்து எழுதியவர்கள் இந்த மூன்று நாட்களை அப்படியே தாண்டிக் குதித்தார்கள். அந்த வாக்காளர்களில் பலர் கோபப்பட்டது தங்களிடம் சொல்லப்பட்ட பொய்க்காக.

படைவீடு:

நிழற்குடை தம்பி சொல்வதில் அஸ்னாரின் பொய் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் குண்டுக்கு முந்தைய கருத்துக்கணிப்புகளில் ஆளும் கட்சிதான் முன்னணியில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குண்டு வெடிக்காவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். வெளியே இருந்து பார்த்த ஜிகாதிகளுக்கு அதன் பொருள் என்னவாகத் தெரிந்திருக்கும்? குண்டு வைத்தால் ஆட்சி மாறும், படை போகும். ஏப்ரல் 2 அன்று, அதாவது சபாதேரோ வென்ற பிறகும், மாட்ரிட்–செவில் அதிவேக ரயில் பாதையில் வெடிகுண்டு கிடைத்தது. வாக்குறுதி கொடுத்த பிறகும் அவர்கள் விடவில்லை.

ஜூலையில் பிலிப்பைன்ஸ். 51 பேர் கொண்ட சிறு குழு. ஒரு லாரி ஓட்டுநரைக் கடத்திவைத்துக்கொண்டு மிரட்டினார்கள். அரோயோ அரசு படையை எடுத்தது, அவர் விடுதலையானார். இரண்டே நாளில் மூன்று இந்தியர்கள், மூன்று கென்யர்கள், ஓர் எகிப்தியர் என்று ஏழு ஓட்டுநர்கள் கடத்தப்பட்டார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்வீர்களா?

அயல்மேசை:

படைவீடு ஐயா, அந்த நாட்களில் நான் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருந்தேன். நீங்கள் சொன்ன தொடர்பு அன்றே ஏஜென்சிச் செய்திகளில் வந்தது. பிலிப்பைன்ஸ் பணிந்தது, அதனால் இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள் என்று. ஆனால் இந்தியாவுக்கு ஈராக்கில் படையே இல்லையே! ஒரு டிவிஷன், சுமார் 17,000 பேர் வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. 2003 ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசின் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று முடிவு செய்தது. அனுப்பச் சொல்லி ஆங்கில நாளிதழ்களில் பத்தி எழுதிய வல்லுநர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த இழையில் இந்தியாவும் ஒரு வரியாகியிருக்கும்.

நேபாளத்தையும் பாருங்கள். 2004 ஆகஸ்டு 31 அன்று 12 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்ற காணொளி வெளியானது. நேபாளத்துக்கு அங்கே ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. திரும்ப அழைக்க எதுவும் இல்லை. பணிந்தால்தான் கடத்துவார்கள் என்ற விதிக்கு இந்தப் பன்னிரண்டு பேர் எந்த இடத்தில் பொருந்துகிறார்கள்? பணம், லாரிப் பாதைகளை முடக்குவது, பெயர் வாங்குவது என்று கடத்தலுக்கு அங்கே பல காரணங்கள் இருந்தன. அதை எழுத இடமில்லை. கோழை – வீரன் என்று எழுத இடம் இருந்தது.

பிலிப்பைன்ஸ் படையின் பணிக்காலம் எப்படியும் ஆகஸ்டு 20-இல் முடியவிருந்தது. ஒரு மாதம் முன்னதாகப் போனார்கள். அப்போது ஈராக்கில் மட்டும் சுமார் 4,000 பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள், மேற்காசியா முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேல். இந்த எண்ணிக்கை இல்லாமல் அரோயோவின் முடிவை மதிப்பிட முடியாது. நமக்கு வந்த செய்திகளில் இது பெரும்பாலும் கடைசிப் பத்தி. இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

சாமுராய்_சாமி:

நான் நாகோயாவில் வேலை பார்க்கிறேன். ஜப்பான் கதையை யாரும் தொடவில்லையே, ஆகவே நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் தெற்கு ஈராக்கில் உள்ள சமாவா நகருக்கு சுமார் 600 தரைப்படையினரை அனுப்பியது. போர் செய்யாத தற்காப்புப் படை. தண்ணீர் சுத்திகரிப்பு, பள்ளிச் சீரமைப்பு, சாலை. காவலுக்கு முதலில் டச்சுப் படை, அது 2005-இல் போன பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகள். 2004 ஏப்ரலில் மூன்று ஜப்பானியர்களைக் கடத்தி, படையை எடு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்றார்கள். பிரதமர் கொய்சுமி மறுத்தார். ஒரு வாரத்தில் அவர்கள் உயிரோடு விடுதலையானார்கள்.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஏப்ரல் 18 அன்று (ஸ்பெயின் அறிவித்த அதே நாள்!) ஊர் திரும்பிய அந்த மூவரையும் விமான நிலையத்திலேயே வசைப் பதாகைகள் வரவேற்றன. அரசின் எச்சரிக்கையை மீறிப் போனீர்கள், உங்கள் பொறுப்பு, நாட்டுக்குச் செலவு வைத்தீர்கள் என்று அமைச்சர்களும் ஆளுங்கட்சியினரும் பேச, வார இதழ்கள் அவர்களுடைய குடும்பக் கதையைத் தோண்டி எடுத்தன. செலவை அவர்களிடமே வசூலிக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அதில் ஒருவர் தெருவோரச் சிறுவர்களுக்கு உதவப் போனவர். அவர்களுக்காகப் பரிந்து பேசியது யார்? அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல்! இப்படி ஆபத்தை ஏற்கும் குடிமக்களை நினைத்து ஜப்பான் பெருமைப்பட வேண்டும் என்றார்.

கடத்தலுக்குப் பிறகு ஜப்பானியப் பெரிய ஊடகங்கள் தங்கள் நிருபர்களைச் சமாவாவிலிருந்து வெளியேற்றிக்கொண்டன. 2006 ஜூலையில் படை திரும்பும் வரை, அங்கே என்ன நடந்தது என்று ஜப்பானியருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பாதுகாப்பு அமைப்பு சொன்னதுதான். எல்லாம் அமைதி, ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. அந்தப் படையின் அன்றாடக் குறிப்பேடுகள் எங்கே என்று 2017-இல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கிடைக்கவில்லை என்றார் பாதுகாப்பு அமைச்சர். 2018-இல் அவை 'கிடைத்தன'. சமாவாவில் நடந்த மோதல்களைப் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. குவைத்திலிருந்து பாக்தாத்துக்குப் படையினரை ஏற்றிச்சென்ற ஜப்பானிய விமானப் பணி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2008-இல் எங்கள் ஊர் நாகோயா உயர் நீதிமன்றம் சொன்னது தனிக்கதை.

ஆகவே வெளியேறிய நாட்டை வைவது ஒரு வகைச் சார்பு. உள்ளே இருக்கும் நாடு பற்றி எதுவுமே எழுதாதது இன்னொரு வகை.

நெறியாளர்:

மூன்று பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழையை இந்தியத் தேர்தலுக்கும் உள்ளூர்த் தொலைக்காட்சிகளுக்கும் இழுக்க வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

படைவீடு:

சாமி தம்பியின் பதிவு நன்று. ஆனால் மூல வாதத்துக்கு வருகிறேன். பிரிட்டனுக்கு வெண்ணெய் என்கிறார் கூடல்வாசி. பிரிட்டிஷ் படை இருந்த தெற்கு ஈராக் நகரமான பாஸ்ராவைப் பற்றிப் பிரிட்டிஷ் ஊடகம் எழுதியதை அவர் படிக்கவில்லையா?

2007 அக்டோபர் தொடக்கத்தில், எதிர்க்கட்சி மாநாடு நடக்கும் வாரத்தில், பிரதமர் கார்டன் பிரவுன் பாக்தாத்துக்குப் பறந்து, கிறிஸ்துமஸுக்குள் 1,000 பேர் திரும்புவார்கள் என்றார். அதில் 500 பேர் குறைப்பு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டது, 270 பேர் அப்போதே நாடு திரும்பியிருந்தார்கள் என்று கண்டுபிடித்துப் பிரவுனைக் கிழித்தது அந்த ஊர் ஊடகம்தான். அதற்கு முன்பே ஆகஸ்டில், தெற்கில் பிரிட்டன் தோற்றுவிட்டது என்று பெயர் சொல்லாத அமெரிக்க உளவு அதிகாரி ஒருவர் கூறியதாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. இதுவா வெண்ணெய்?

கூடல்வாசி:

நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள் ஐயா.

பிப்ரவரியில் செனியின் வாயில் வெற்றியின் அடையாளம். ஆகஸ்டில் அதே வாஷிங்டனில், பெயர் சொல்லாத அதிகாரியின் வாயில் தோல்வி. இடையில் பாஸ்ராவில் திடீரென்று என்ன மாறிவிட்டது? அந்த நகரத்தைப் போராளிக் குழுக்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தது பிப்ரவரியிலும் உண்மை. மாறியது வாஷிங்டனின் தேவை. கூடுதல் படை அனுப்பி வெற்றி பெறப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, குறைத்துக்கொண்டே போகும் கூட்டாளி சங்கடம். உடனே பெயரில்லாத ஒருவர் பேசுகிறார், முதல் பக்கச் செய்தியாகிறது.

செப்டம்பர் 3-க்குள் பாஸ்ரா அரண்மனையில் இருந்த சுமார் 550 பிரிட்டிஷ் வீரர்கள் விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் அமைதியாகப் போனதற்குக் காரணம், மஹ்தி படையோடு செய்துகொண்ட ஏற்பாடு: கைதிகள் விடுதலை, தாக்குதல் நிறுத்தம். இது பிறகு துண்டு துண்டாக வெளியே வந்தது. ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை விசாரித்து 2016-இல் வெளியான சில்காட் அறிக்கை அந்த நிலையை அவமானகரமானது என்றே எழுதியது. தன் வீரர்களைக் குறிவைத்துத் தாக்கிய குழுவோடு உடன்பாடு செய்வதே சிறந்த வழி என்று கருதும் நிலைக்கு பிரிட்டன் வந்தது அவமானம் என்றது.

ஸ்பெயின் யாரோடும் பேரம் பேசவில்லை. வாசலைத் திறந்து வெளியே போனது. நஜஃபில் ஸ்பானியரையும் பாஸ்ராவில் பிரிட்டிஷாரையும் தாக்கியது அதே மஹ்தி படைதான். பேரம் பேசிப் போனவருக்குப் பொறுப்பான ஒப்படைப்பு என்ற சான்றிதழ். பேசாமல் போனவருக்குப் பணிந்தவர் பட்டம். இதைத்தான் கேட்கிறேன்.

படைவீடு:

பேரம் விஷயத்தில் பிரிட்டனுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அது மோசமான ஒப்படைப்பு. 2008 மார்ச்சில் ஈராக் பிரதமர் மாலிக்கி ஈராக்கியப் படையை அனுப்பி பாஸ்ராவை மீட்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷார் தொடக்கத்தில் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஈராக்கில் இறந்த பிரிட்டிஷார் 179 பேர். ஆறு ஆண்டு நின்றவனையும் ஓர் ஆண்டுக்குள் போனவனையும் செய்தியாளர் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அதைச் சார்பு என்று சொல்லவும் மாட்டேன்.

அயல்மேசை:

சார்பு எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை. எல்லாச் செய்தியாளரும் விலைபோனவர் என்று நான் நம்பவில்லை. நானும் அந்தத் தொழிலில் இருந்தவள்.

பாக்தாத்தில் நிருபர்களுக்கு எளிதில் கிடைத்தது பச்சை மண்டலம் என்ற பலத்த காவல் உள்ள பகுதியில் நடக்கும் ராணுவச் செய்தியாளர் சந்திப்பு. தெருவில் இறங்கினால் கடத்தல். ஆகவே அன்றைய செய்தியின் முதல் பத்தி ராணுவம் சொன்னது. ஈராக்கியர் சொன்னது ஆறாவது பத்தி. 2004 ஏப்ரலில் ஃபலூஜாவில் பொதுமக்கள் இறக்கும் காட்சிகளை அரபுத் தொலைக்காட்சிகள் காட்டுகின்றனவே என்று ஒரு நிருபர் கேட்டபோது, ராணுவப் பேச்சாளர் ஜெனரல் கிம்மிட் தந்த அறிவுரை: சேனலை மாற்றுங்கள்.

போருக்கு முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. 2003 ஜனவரி இறுதி, பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டு வாரம் அமெரிக்காவின் நான்கு பெரிய தொலைக்காட்சிகளின் இரவுச் செய்திகளை ஃபேர் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு ஆராய்ந்தது. ஈராக் பற்றிப் பேச வைத்த 393 பேரில் போர் எதிர்ப்பு இயக்கங்களைச் சேர்ந்தவர்கள் 3 பேர். 2004 மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ் தன் போருக்கு முந்தைய செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லை என்று எழுதியது, எங்கே? உள்ளே, பத்தாவது பக்கத்தில். அந்தச் செய்திகள் வந்ததோ முதல் பக்கத்தில்.

தொலைக்காட்சியில் ராணுவ வல்லுநர் என்று உட்கார்ந்து பேசிய ஓய்வுபெற்ற தளபதிகளுக்கு பென்டகன் தனியாகக் கூட்டம் நடத்திப் பேச வேண்டியதைச் சொல்லிக்கொடுத்ததும், அவர்களில் பலருக்குப் போர் ஒப்பந்த நிறுவனங்களோடு தொடர்பு இருந்ததும் 2008 ஏப்ரலில் அதே நியூயார்க் டைம்ஸில் வந்தது. ஸ்பெயினைப் பற்றி அந்த வல்லுநர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஈராக்கிய நாளிதழ்களுக்குப் பணம் கொடுத்து, அமெரிக்கப் படை எழுதிய கட்டுரைகளைச் செய்தியாகப் போட வைத்ததும் 2005-இல் வெளியானது.

நிழற்குடை:

அக்கா, அல் ஜசீராவை விட்டுவிட்டீர்கள். கடத்தல்காரர்களின் காணொளியை உலகுக்குக் கொண்டுபோனது பெரும்பாலும் அதுதான். பிலிப்பைன்ஸ் ஓட்டுநரின் காணொளியும் அங்கேதான் முதலில் வந்தது. அந்த ஒளிபரப்பு இல்லாமல் 51 பேரை வெளியேற்றும் மிரட்டலுக்கு வலு இருந்திருக்காது. சின்னப் படைகளைக் கூட்டணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலையில் அரபுத் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு.

அயல்மேசை:

பங்கு உண்டு, மறுக்கவில்லை. அந்தக் காணொளிகளைப் போடலாமா என்று எல்லாச் செய்தி அறைகளிலும் சண்டை நடந்தது. ஆனால் அதை வாங்கி மறு ஒளிபரப்புச் செய்யாத மேற்கத்தியத் தொலைக்காட்சி எது? திட்டு அல் ஜசீராவுக்கு, காட்சி எல்லோருக்கும்.

2003 ஏப்ரல் 8-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று காலை பாக்தாத்தில் அல் ஜசீரா அலுவலகம் மீது அமெரிக்கத் தாக்குதல். நிருபர் ஒருவர் பலி. சில மணி நேரத்தில் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஓட்டல் மீது அமெரிக்க டாங்கி சுட்டது. இரண்டு ஒளிப்பதிவாளர்கள் பலி. அதில் ஒருவர் ஸ்பானியர். அஸ்னார் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஸ்பானியப் புகைப்படக்காரர்கள் கேமராக்களைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். ஸ்பெயினில் போர் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அந்த நாளையும் படிக்க வேண்டும். மாட்ரிட் குண்டுக்கு 11 மாதம் முன்பு.

கூடல்வாசி:

ஆஸ்திரேலியாவைச் சொல்லாமல் விட்டேன். 2004 ஜூலையில் ஸ்பெயினும் பிலிப்பைன்சும் பயங்கரவாதிகளுக்கு ஊக்கம் கொடுத்துவிட்டன என்று பேசியவர் ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் டௌனர். இரு நாடுகளும் கண்டித்தன. 2007 நவம்பரில் அவருடைய கட்சி தோற்றது. ஈராக்கிலிருந்து போர்ப் படையை அழைத்துக்கொள்வேன் என்று வாக்குறுதி தந்த கெவின் ரட் வென்றார். 2008 ஜூனில் சுமார் 550 பேர் திரும்பினார்கள். தேர்தல் வாக்குறுதி, ஆட்சி மாற்றம், படை விலகல். சபாதேரோ செய்ததும் இதேதான். ரட்டை ஹிட்லர் காலத்தோடு ஒப்பிட்ட தலையங்கம் இருந்தால் யாராவது காட்டுங்கள். புஷ் அவரை வெள்ளை மாளிகையில் வரவேற்று, சொன்னதைச் செய்தவர் என்ற தொனியில் பேசினார்.

படைவீடு:

2008 ஜூனில் ஈராக் 2004 ஏப்ரல் போல எரியவில்லை. அந்த வித்தியாசத்தை நீங்கள் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள்; நான் விட மாட்டேன் என்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஸ்பெயின் போன அதே ஆண்டு ஆப்கானிஸ்தானில் தன் படையைக் கூட்டியது, ஹைட்டிக்கும் அனுப்பியது. ஓடுகிற நாடு அதைச் செய்யாது. இதை நான் அன்று படித்த எதிலும் பார்த்ததில்லை. பின்னாளில் ராணுவ இதழ் ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன்.

கணக்கப்பிள்ளை:

கடைசியாக ஒரு கேள்வி. நஜஃபில் ஸ்பானியரோடு நின்று ஒருவரை இழந்த எல் சால்வடோர், ஸ்பெயின் போன பிறகும் இருந்தது. 2009 தொடக்கம் வரை. லத்தீன் அமெரிக்காவிலிருந்து கடைசி வரை நின்றது அந்த நாடு மட்டும்தான். ஓடியவனைத் திட்டினார்கள் சரி. நின்றவனைப் பற்றி யார் எழுதினார்கள்? 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவின் 2,000 பேர் ரஷ்யாவோடு போர் என்று ஒரே வாரத்தில் அமெரிக்க விமானத்திலேயே ஏறிப் போனார்களே, அப்போது கூட்டணியில் மூன்றாவது பெரிய படை அது. அதை ஈராக் செய்தியாக யார் எழுதினார்கள்?

அயல்மேசை:

ஜார்ஜியா ரஷ்யச் செய்தியாகத்தான் வந்தது. ஈராக்குக்கு அதில் ஒரு வரி. எல் சால்வடோர் பற்றி எங்களுக்கு வந்தது சிலவே. நிருபர் இருந்த இடம் பாக்தாத். சால்வடோர்காரர்கள் இருந்த ஊருக்குப் போக ஆயுதக் காவல் வேண்டும், காப்பீடு வேண்டும், ராணுவ அனுமதி வேண்டும். 2006-க்குப் பிறகு பல நிறுவனங்கள் அங்கிருந்த ஆட்களையே குறைத்துவிட்டன. சான் சால்வடோரிலிருந்து வந்த செய்தி ஸ்பானிய மொழியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆங்கில ஏஜென்சி எடுத்தால்தான் சென்னைக்கு வரும். அவர்கள் போன அன்று நான்கு வரி வந்ததாக ஞாபகம். போட்டோமா என்று சொல்ல முடியாது, பக்கத்தில் விளம்பரம் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது அது.